ஈகையா, ஒப்புரவா?
கருநாடகத்துத் தொண்டு நிறுவனங்களைப் பற்றி ஒரு விளக்கம்

திருவள்ளுவர் கொடுக்கும் குணத்தை ஒரே அதிகாரத்தில் அடக்கிவிடவில்லை. ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதனை அடுத்து ஈகை என்று மற்றோர் அதிகாரம் வகுத்தார். இரண்டும் ஒன்றுதானே, ஏன் பிரித்தார் என்று பள்ளியிற் படிக்கும்போதே நம்மிற் பலர் எண்ணியிருப்போம். ஈகை என்பது உள்ளவன் இல்லாதவனுக்குக் கொடுப்பது. ஒப்புரவு என்பது, தான் வாழும் ஊருக்குத் தான் செய்யவேண்டுவது இன்னது என்று அறிந்து செய்வது. அதில் கொடுப்பவர், கொள்பவர் என்ற மேல் கீழ் இல்லை.

இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டு, நாம் படிக்க வந்திருக்கும் கருநாடக மாநிலத்தின் தொண்டு நிறுவனங்களை நோக்குவோம். விடுமுறை முகாம்களுக்கும் நன்கொடை திரட்டுதற்கும் நம்மை அழைப்பவர்கள் பலர். யாரிடம் போகிறோம், எதற்குப் போகிறோம் என்பதை அறிந்து போவது நல்லதல்லவா?

தொண்டு நிறுவனம் என்பது யாது? இலாப நோக்கற்றது என்றவுடன், பணமே ஈட்டாதது என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. தொண்டு நிறுவனம் நடத்தும் மருத்துவமனை கட்டணம் வாங்கலாம்; ஆண்டு முடிவில் செலவு போக மிச்சமும் காணலாம். ஆனால் அம்மிச்சத்தை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது. எந்நோக்கத்துக்காக நிறுவனம் தோன்றியதோ அதற்கே அது செலவாக வேண்டும். அடிப்படை விதி இவ்வளவுதான். 1960ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற சங்கம், பத்திரம் எழுதிப் பதிவு செய்த அறக்கட்டளை, 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் 8ஆம் பிரிவின்கீழ் அமைந்த கம்பெனி என்று மூன்று வடிவங்களில் இவை இயங்குகின்றன.

சட்டத்தை மட்டும் சொன்னால் பொருள் விளங்காது. ஒரு நிறுவனத்தின் வரலாற்றைக் காண்போம். மைசூரிலிருந்து குடகுக்குப் போகும் வழியில் பைலகுப்பே இருக்கிறது. அங்குள்ள பொற்கோயிலைக் காணாத மாணவர் நம்மிற் சிலரே. 1959இல் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்தபின், அவர் வழியே வந்த திபெத்திய அகதிகளுக்கு அன்றைய மைசூர் அரசு நிலம் அளித்தது. 1961இல் பைலகுப்பேயில் குடியேற்றம் தொடங்கியது. பின்னர் வேறு இடங்களிலும் அமைந்தது. இக்குடியேற்றப் பணிக்கென 1968இல் தோன்றிய நிறுவனமே மைராடா. மைசூர் மறுகுடியமர்வு வளர்ச்சி முகமை என்பது அதன் முழுப்பெயரின் பொருள். 1973இல் மாநிலத்தின் பெயர் கருநாடகம் என்று மாறியது. நிறுவனத்தின் பெயரில் மைசூர் அப்படியே நின்றுவிட்டது.

அகதிகளின் வாழ்வு நிலைபெற்றபின் மைராடா சுற்றுப்புறத்து ஏழை மக்களிடம் திரும்பியது. கூட்டுறவுச் சங்கங்களை அமைத்து அவற்றின் வழியாகக் கடன் கிடைக்கச் செய்தது. அவற்றுட் சில பூசலாலும் ஒரு சிலரின் ஆதிக்கத்தாலும் 1980களின் நடுவில் சிதைந்தன. அப்போது உறுப்பினர்கள் சிறு சிறு குழுக்களாக வந்து ஒரு செய்தி சொன்னார்கள். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கிறோம், ஆனால் அந்தக் கூட்டுறவுச் சங்கத்திடம் கொடுக்கமாட்டோம் என்றார்கள். அப்படியானால் உங்கள் குழுவுக்கே செலுத்தி, உங்களுக்குள்ளேயே மீண்டும் கடன் கொடுத்துக்கொள்ளுங்கள் என்று நிறுவனம் விடை அளித்தது. சுய உதவிக் குழுவின் விதை அங்கே விழுந்தது. அன்று மைராடாவுக்குத் தலைமை தாங்கியவர் அலாய்சியஸ் பெர்னாண்டஸ்.

இக்குழு எப்படி நடக்கிறது? ஒருவரையொருவர் அறிந்து நம்பும் பதினைந்து இருபது பேர் சேர்கிறார்கள். வாரந்தோறும் சிறுதொகை சேமிக்கிறார்கள். கூட்டத்துக்கு வராதவருக்கு அபராதம் விதிக்கிறார்கள், குறிப்பேடு எழுதுகிறார்கள். யாருக்கு இவ்வாரம் பணம் மிகவும் தேவை என்பதைத் தாங்களே கூடித் தீர்மானிக்கிறார்கள். ஈடு கேட்பதில்லை, நம்பிக்கையே ஈடு. உறுப்பினர் இருபதுக்கு மேற்போகாமைக்கும் ஒரு காரணம் உண்டு. பழைய 1956ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்படி, இருபது பேருக்கு மேற்பட்டோர் கூடி இலாபந்தரும் தொழில் நடத்தினால் பதிவு செய்தாக வேண்டியிருந்தது. அந்த எல்லைக்குள் நின்றால் அலுவலகப் படி ஏற வேண்டியிருக்கவில்லை.

1986, 87ஆம் ஆண்டளவில் மைராடாவின் திட்டங்களில் ஏறத்தாழ முந்நூறு குழுக்கள் இருந்தன. 1987இல் நபார்டு வங்கி இம்முயற்சிக்கு நிதி தந்தது. 1992இல் ஐந்நூறு குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தை அதே நபார்டு நாடு முழுவதற்குமாகத் தொடங்கியது. இன்று இந்தியாவில் இத்தகைய குழுக்கள் ஒரு கோடிக்கும் மேல்.

தமிழ் மாணவராகிய நமக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு. 1989இல் தமிழ்நாட்டரசு, பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுத் திட்டத்தை முதன்முதலில் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியது. மைராடாவும் அதிற் பங்கு கொண்டது. பிறகு 1997இல் மகளிர் திட்டம் என்று பெயர் பூண்டு அது தமிழகம் எங்கும் பரவிற்று. என் தாயார் தருமபுரிப் பக்கத்துக் கிராமத்தில் இப்படி ஒரு குழுவின் உறுப்பினர். நான் மேற்படிப்புக்கு வந்தபோது கட்டிய முதற் கட்டணத்தில் அக்குழு தந்த கடனும் கலந்திருந்தது. நம்மிற் பலருடைய வீட்டுக் கதையும் இதுவாகவே இருக்கும். திபெத்தியருக்காக மைசூர்ச் சீமையில் தோன்றிய நிறுவனம், தருமபுரித் தாய்மாரின் கையில் ஒரு கணக்குப் புத்தகத்தைத் தந்திருக்கிறது. அது பிச்சையாக வந்ததன்று. அவர்கள் சேர்த்த பணம், அவர்கள் எடுத்த முடிவு. ஒப்புரவு என்று நான் சொல்வது இதனைத்தான்.

இனி மலைப்பக்கம் செல்வோம். சாமராசநகர் மாவட்டத்துப் பிளிகிரி ரங்கன் மலையில் சோளகர் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். சத்தியமங்கலத்துக் காடுகளிலும் அவர்கள் உண்டு. 1981இல் மருத்துவர் சுதர்சன் அம்மலையில் விவேகானந்த கிரிசன கல்யாண கேந்திரத்தை நிறுவினார். மருத்துவத்தில் தொடங்கிய பணி, பள்ளி, கைத்தொழில் என்று விரிந்தது. 1984இல் மைசூர் மருத்துவக் கல்லூரி மாணவர் சிலர், பாலசுப்பிரமணியம் என்பாரின் தலைமையில் சுவாமி விவேகானந்த இளைஞர் இயக்கத்தைத் தொடங்கினர். கபினி அணையாலும் காட்டுச் சட்டங்களாலும் இடம் பெயர்ந்த பழங்குடியினரிடையே, எக்கடதேவன்கோட்டை வட்டத்தில் அவர்கள் மருத்துவமனையும் பள்ளியும் அமைத்தார்கள். தொடங்கியபோது அவர்களும் நம்மைப் போன்ற மாணவர்களே என்பது நினைவில் இருக்கட்டும்.

பிளிகிரி ரங்கன் மலை 2011இல் புலிகள் காப்பகம் ஆயிற்று. சோளகர் மீண்டும் வெளியேற்றப்படுவரோ என்ற அச்சம் எழுந்தது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி அவர்கள் தங்கள் உரிமையைக் கோரினர். 2011லேயே சமூக வன உரிமையைப் பெற்றனர். இந்தியாவிலே புலிகள் காப்பகம் ஒன்றினுள் அவ்வுரிமை வழங்கப்பட்டது அதுவே முதன்முறை. பெங்களூரின் ஏட்ரீ என்னும் ஆராய்ச்சி அறக்கட்டளையின் அறிவியலார், சோளகரோடு காட்டிலே நடந்து, அவர்களுடைய தெய்வ இடங்களையும் பழைய குடியிருப்புகளையும் வரைபடத்திற் குறித்தனர். அறிவியல் மாணவர்கள் இதனைக் கருத வேண்டும். அளவைக் கருவியைக் கையாளத் தெரிந்ததும் ஒரு தொண்டாயிற்று.

இவ்வளவு நன்மை சொன்னால், குறையே இல்லையா என்று வினவலாம். உண்டு. முதற்குறை பணம் பாயும் திசை. 2002இல் நஞ்சுண்டப்பா குழு, மிகவும் பின்தங்கிய வட்டங்கள் என்று முப்பத்தொன்பதைக் கணக்கிட்டது. அவற்றுள் இருபத்தொன்று வடகிழக்கே குல்பர்கா கோட்டத்தைச் சேர்ந்தவை. ஆனால் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், பெரிய கம்பெனிகள் தம் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று கூறுகையில், தாம் இயங்கும் பகுதிக்கு முதலிடம் தரவும் சொல்கிறது. கம்பெனிகள் பெருகிய இடம் பெங்களூர். குடமிருக்கும் இடம் ஒன்று, தாகமிருக்கும் இடம் வேறொன்று! இன்னொரு பக்கம், 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தால், அயல்நாட்டு நன்கொடை பெறும் நிறுவனம் அதனை வேறு நிறுவனத்துக்குப் பிரித்துத் தரக் கூடாது என்று ஆயிற்று. பெரிய நிறுவனங்களின் வழியாகப் பணம் பெற்றுவந்த சிறிய ஊர்ச் சங்கங்களுக்கு அவ்வழி அடைபட்டது.

இரண்டாங் குறை, யார் முடிவு செய்வது என்பது. 2000இல் பெங்களூரில் ஐந்து பள்ளிகளில் ஆயிரத்து ஐந்நூறு குழந்தைகளுக்கு உணவளிக்கத் தொடங்கிய அட்சய பாத்திரம் இன்று பல மாநிலங்களில் நடைபெறும் பெரும்பணி. அதன் சமையலில் வெங்காயமும் பூண்டும் இல்லாமை பற்றி 2018, 2019ஆம் ஆண்டுகளில் பெரிய வாதம் எழுந்தது. உண்ணும் குழந்தையின் வீட்டு வழக்கம் பெரிதா, சமைப்பவரின் கொள்கை பெரிதா என்பது கேள்வி. சமைத்து இடும் கைகளை நான் போற்றுகிறேன். ஆயினும் உண்பவரைக் கேட்காமல் இடுவது ஈகையாகலாம், ஒப்புரவாகாது.

மூன்றாவது, பெயர் மயக்கம். நுண்கடன் கம்பெனிகளும் பெண்களைக் குழுவாகச் சேர்த்தே கடன் தருகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் அங்கே வட்டி பங்குதாரரிடம் போகிறது. சுய உதவிக் குழுவில் அது குழுவின் பெட்டிக்கே திரும்புகிறது. கடன் வசூலிப்போரின் கெடுபிடி பொறுக்காமல் கருநாடகக் கிராமங்களிற் சிலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறினர். 2025 பிப்ரவரியில் அரசு ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்து, வற்புறுத்தி வசூலிப்பவருக்குப் பத்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வழி செய்தது. இலாபம் யாரிடம் போகிறது என்ற ஒரே கேள்வியில் எத்தனை குடும்பங்களின் நிம்மதி தங்கியிருக்கிறது, பாருங்கள்!

ஆகவே நண்பர்களே, நாளை ஒரு நிறுவனம் நம்மை அழைக்கும்போது மூன்று கேள்விகள் கேட்போம். ஆண்டுக் கணக்கை வெளியிடுகிறீர்களா? மிச்சம் எங்கே போகிறது? யாருக்காகச் செய்கிறீர்களோ அவர்கள் உங்கள் கூட்டத்தில் உட்கார்ந்து பேசுகிறார்களா? மூன்றாம் கேள்விக்கு மகிழ்ந்து விடை சொல்பவரோடு தயங்காமற் செல்வோம். இந்த மண்ணின் மொழியைச் சிறிது கற்றுக்கொண்டு செல்வோம். மக்கள் சொல்வது புரியாதவனுக்கு ஒப்புரவு எப்படிக் கைகூடும்?