ஏசி 18-ல் ஓடியும் பிசுபிசுப்பு ஏன்?

யானைக்கவுனி சந்துகளில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். கடல்காற்றின் ஈரம் வேறு. ‘ரூம் ஜில்லுனு இருக்கு, ஆனா பிசுபிசுப்பு போகல’ என்று ஏசியை 18 டிகிரிக்கு இறக்கினால் கரன்ட் பில்தான் ஏறும்.

பல வீடுகளில் கோளாறு ஏசியின் அளவில். சின்ன அறைக்கு 2 டன் மாட்டினால் சட்டென்று குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும். அதன் ஃபேன் மட்டும் ஓட, காயிலில் ஒட்டிய நீர் மறுபடி அறைக்கே ஆவியாகும். அளவான ஏசி நின்று நிதானமாக ஓடி, ஈரத்தை வடித்து வெளியேற்றும். 26 டிகிரியும் சீலிங் ஃபேனும் போதும். 2020 முதல் புது ஏசிகள் 24-ல்தான் தொடங்குகின்றன. மழைநாளில் ‘டிரை மோட்’ உதவும்.

மொட்டைமாடி இல்லாததால் துணி காய்வதும் அதே அறையில்தானே? அதிலிருந்து ஆவியாகும் ஒவ்வொரு லிட்டர் நீரையும் பிடிக்க ஏசிக்குச் சுமார் கால் யூனிட் மின்சாரம் செலவாகும்.