முழு சார்ஜ் இருந்தும் நகராத கார்

2024 ஜூன் மாதம் ஹூண்டாய் இந்தியா நிறுவனம் 1,744 ஐயோனிக் 5 மின்சாரக் கார்களைச் சோதனைக்காகத் திரும்ப அழைத்தது. 2022 ஜூலை 21 முதல் 2024 ஏப்ரல் 30 வரை தயாரான வண்டிகள் அவை. நாற்பது லட்சம் ரூபாய்க்கு மேல் விலை. அடியில் படுத்திருக்கும் 72.6 கிலோவாட் மணி பேட்டரியில் எந்தக் குறையும் சொல்லப்படவில்லை. பானட்டுக்குள் இருக்கும் சாதாரண 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவியில்தான் கோளாறு. அது பழுதானால் சின்ன பேட்டரி இறங்கிவிடும். அத்துடன் காரும் படுத்துவிடும். இதே கருவியைக் கொண்ட கியா இவி6 கார்களில் 1,138 வண்டிகள் அடுத்த மாதம் அழைக்கப்பட்டன. 2025 பிப்ரவரியில் 1,380 வண்டிகளுக்கு அழைப்பு போனது. அமெரிக்காவில் 2024 மார்ச்சில் மட்டும் ஹூண்டாய், ஜெனிசிஸ், கியா கார்கள் சேர்ந்து ஏறத்தாழ 1,47,000.

அவ்வளவு விலையுள்ள கார் சென்னையில் ஓடும், சிவகாசிப் பக்கம் இருக்கும் ஆனைக்குட்டத்துக்கும் அதற்கும் என்ன என்று கேட்கலாம். பத்து லட்ச ரூபாய் மின்சாரக் காரிலும் இதே 12 வோல்ட் பேட்டரி உண்டு. விருதுநகர்–சிவகாசி சாலையில் பச்சை நம்பர் பிளேட்டுடன் போகும் எந்தக் காரின் பானட்டைத் திறந்தாலும் அநேகமாக அதைப் பார்க்கலாம். பக்கத்துத் தூத்துக்குடியில் 2025 ஆகஸ்ட்டில் வின்ஃபாஸ்ட் ஆலை திறந்தாகிவிட்டது. பச்சை பிளேட்டுகள் இனி கூடத்தான் செய்யும். அதனால் இந்தச் சின்ன பேட்டரியைப் பற்றி நம் பக்கத்துக்காரர்களும் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் எல்லோரும் கேட்பது, இவ்வளவு பெரிய பேட்டரி இருக்கும்போது சின்னது எதற்கு என்பதுதான்.

அர்ச்சுனா ஆற்றங்கரையில் கிணற்றுப் பாசனம் செய்கிறவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மும்முனை மின்சாரம் கம்பத்தில் முழுசாக வந்து நிற்கும். ஆனால் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கும் காயில் இழுத்துப் பிடித்தால்தான் மோட்டாருக்குக் கரண்ட் போகும். காயில் போய்விட்டால் கம்பத்தில் எவ்வளவு கரண்ட் இருந்தும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறாது. மின்சாரக் காரிலும் பெரிய பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் அதே வேலையைச் செய்யும் கான்டாக்டர்கள் இருக்கின்றன. அவற்றை இழுத்துப் பிடிக்கும் மின்சாரம் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து வருகிறது.

காரை நிறுத்திப் பூட்டியதும் கான்டாக்டர்கள் விலகிக்கொள்ளும். 60 வோல்ட்டைத் தாண்டிய நேர்மின்சாரம் உயிருக்கு ஆபத்து என்பது வாகனத் துறையின் கணக்கு. பெரிய பேட்டரியில் இருப்பதோ முந்நூறு வோல்ட், சில கார்களில் அறுநூறுக்கும் மேல். ஆள் இல்லாத நேரத்தில் அதைத் துண்டித்து வைப்பதுதான் முறை. விபத்து நடந்தாலும் முதலில் அதுதான் துண்டிக்கப்படும். அப்போதும் கதவுப் பூட்டு, காற்றுப்பை, அபாய விளக்கு எல்லாம் வேலை செய்ய வேண்டுமே! அதற்குத்தான் தனியாக ஒரு சின்ன பேட்டரி. 1859இல் பிரான்சில் காஸ்டன் பிளான்டே கண்டுபிடித்த ஈய-அமில பேட்டரியின் வம்சம்தான் இன்றும் பெரும்பாலான மின்சாரக் கார்களில் இந்த வேலையைப் பார்க்கிறது. டெஸ்லா போன்ற சில நிறுவனங்கள் சின்ன பேட்டரியையும் லித்தியத்துக்கு மாற்றிவிட்டன.

பெட்ரோல் வண்டியில் ஓடும் இன்ஜின் ஆல்டர்னேட்டரைச் சுழற்றி பேட்டரியை நிரப்பும். மின்சாரக் காரில் டிசி-டிசி கன்வெர்ட்டர் என்ற பெட்டி, பெரிய பேட்டரியின் உயர் வோல்ட்டைச் சுமார் 14 வோல்ட்டாக இறக்கிச் சின்னதுக்குக் கொடுக்கிறது. ஐயோனிக் 5, இவி6 கார்களில் இந்த வேலையையும் வீட்டுச் சார்ஜர் வேலையையும் ஒரே பெட்டியில் அடக்கியிருந்தார்கள். பழுதானது அந்தப் பெட்டிதான்.

சொல்லாமல் சாகும் பேட்டரி

பெட்ரோல் வண்டி பேட்டரி பலவீனமானால் காலையில் தெரிந்துவிடும். செல்ஃப் இழுத்து இழுத்து எடுக்கும். 'பேட்டரி போகப் போகுது' என்று நமக்கே தெரியும். கடைக்குப் போவதற்கு ஒரு வாரமாவது அவகாசம் கிடைக்கும். மின்சாரக் காரில் செல்ஃப் மோட்டார் கிடையாது. கம்ப்யூட்டர்களை எழுப்பவும் கான்டாக்டரை இழுக்கவும் சில ஆம்பியர் போதும். அதனால் பாதி செத்த பேட்டரிகூட மாதக்கணக்கில் ஒப்பேற்றிக்கொண்டே வரும். ஒரு நாள் காலை வோல்ட்டேஜ் எல்லைக்குக் கீழே இறங்கும். அன்றைக்கு எதுவுமே நடக்காது.

முன்னறிவிப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. டாஷ்போர்டில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு எச்சரிக்கை விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்தால் முதலில் சின்ன பேட்டரியைச் சந்தேகியுங்கள். பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் எல்லாம் ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. ரிமோட் சாவிக்குக் கதவு திறக்கத் தயங்குவது, திரை அணைந்து அணைந்து எரிவது, கார் ஓடத் தயார் என்று காட்டும் ரெடி விளக்கு இரண்டாவது முறைதான் வருவது, சார்ஜர் கன்னை மாட்டியும் சார்ஜ் தொடங்காதது ஆகியவையும் அதே வகைதான்.

கடைசியாகச் சொன்னதுதான் பலரைக் குழப்புகிறது. சார்ஜரில் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்து, நிற்கும் காரில் கன்னைச் சொருகுகிறார்கள். சின்ன பேட்டரி முற்றிலும் இறங்கியிருந்தால் கான்டாக்டர் சேராது. கான்டாக்டர் சேராமல் பெரிய பேட்டரிக்குள் மின்சாரம் போகாது. இரவெல்லாம் மாட்டி வைத்தாலும் பயன் இல்லை. சில கார்களில் கன் பூட்டிக்கொண்டு வெளியே வராமலும் போகும்.

எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதை நொடிக்கு நொடி காட்டும் கார்கள், 12 வோல்ட் பேட்டரியின் நிலைமையைப் பெரும்பாலும் காட்டுவதே இல்லை. இது தயாரிப்பாளர்களின் அலட்சியம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அளப்பதற்கான கருவிகள் காருக்குள்ளேயே இருக்கின்றன. திரையில் ஒரு வரி காட்ட வேண்டியதுதான் பாக்கி.

வெயிலும் விடுமுறையும்

சிவகாசிக்குத் தீப்பெட்டியையும் பட்டாசையும் கொண்டுவந்து சேர்த்தது இந்த மண்ணின் வறண்ட வெயில். பேட்டரிக்கு அதே வெயில்தான் எமன். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்பது அந்தத் தொழிலில் உள்ளவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. குளிர்நாட்டுக் கையேட்டில் ஐந்தாறு வருடம் என்று போட்டிருந்தால் நமக்கு மூன்று, நான்கு என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஆலை வாசலில் காலை முதல் மாலை வரை நிழலே இல்லாமல் நிற்கும் கார்களுக்கு இன்னும் குறைவாகவே இருக்கும்.

இன்னொரு சிக்கல் தீபாவளிக்குப் பிறகு வரும். சீசன் முடிந்து ஆலைகள் சில வாரம் மூடிக்கிடக்கும். குடும்பத்தோடு வெளியூர் போகிறவர்கள் காரைப் பூட்டி ஷெட்டில் விட்டுப் போவார்கள். பூட்டிய கார் தூங்குவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அலாரம், சிம் கார்டு, சாவியைத் தேடும் ரிசீவர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-ஹவர். 35 ஆம்பியர்-ஹவர் புது பேட்டரி இரண்டு வாரத்தில் பாதிக்கு வந்துவிடும். நான்கு வாரத்தில் காலி. பழைய பேட்டரிக்கு அவ்வளவு நாள்கூடத் தேவையில்லை. வெளிக்கடையில் டேஷ் கேமரா வாங்கி, எப்போதும் கரண்ட் வரும் வயரில் இணைத்திருந்தால் இன்னும் மோசம். 250 மில்லி ஆம்பியர் இழுக்கும் கேமரா ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-ஹவரைத் தின்னும். ஆறே நாளில் கதை முடிந்தது.

சாவியைக் காருக்குப் பக்கத்திலேயே மாட்டி வைப்பது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை செல்போன் செயலியைத் திறந்து சார்ஜ் எவ்வளவு என்று பார்ப்பது இரண்டும் காரை எழுப்பிக்கொண்டே இருக்கும். சின்ன பேட்டரி இறங்கினால் பெரியதிலிருந்து தானாகவே நிரப்பிக்கொள்ளும் வசதி பல புதிய கார்களில் உண்டு. பெரிய பேட்டரி ரொம்பக் குறைந்திருந்தால் அந்த வசதி வேலை செய்யாது. ஊருக்குப் போகும்போது 10 சதவீதத்தில் நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

நின்றுவிட்டால்

தள்ளி ஸ்டார்ட் செய்யும் பழக்கத்தை இங்கே மறந்துவிட வேண்டும். சுழற்றுவதற்கு இன்ஜினே இல்லை. கியரும் கைப்பிரேக்கும் மின்சாரத்தில் இயங்கும் கார்களில் சக்கரமே உருளாது. ரிமோட் சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவிக் கதவைத் திறந்து, பானட் லீவரை இழுங்கள். ஜம்ப் ஸ்டார்ட் செய்ய இன்னொரு வண்டியின் பேட்டரி வேண்டும், அல்லது உள்ளங்கையளவு ஜம்ப் பேக் போதும். சிவப்பு கிளிப்பை பாசிட்டிவ் டெர்மினலில் மாட்டுங்கள். கறுப்பு கிளிப்பைக் கடைசியாக, பேட்டரியை விட்டுத் தள்ளி, கையேடு காட்டும் பாடி இரும்பில் மாட்டுங்கள். ஆரஞ்சு நிற வயர் எதுவாக இருந்தாலும் கை வைக்காதீர்கள். அது உயர் வோல்ட் வயர்.

கறுப்பைக் கடைசியாகத் தள்ளி மாட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஈய-அமில பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும். கிளிப் மாட்டும்போது பொறி பறக்கும். மற்ற ஊர்களில் இந்த ஆபத்து பேட்டரியோடும் பக்கத்தில் நிற்பவரோடும் நின்றுவிடும். இங்கே பட்டாசு ஆலை வாசலிலோ குடோன் ஓரத்திலோ கார் நின்றுபோனால் அந்த இடத்தில் கிளிப்பைத் தொடவே வேண்டாம். ஃபோர்மேனிடம் சொல்லுங்கள். வண்டியை நகர்த்த முடியாவிட்டால், நான்கு சக்கரத்தையும் தூக்கி ஏற்றும் ரெக்கவரி வண்டியைக் கூப்பிட்டு வெளியே கொண்டுபோன பிறகுதான் வேலை.

ரெடி விளக்கு வந்துவிட்டால் கிளிப்பைக் கழற்றிவிடலாம். ஆனால் காரை உடனே அணைக்கக் கூடாது. கார் ரெடியில் இருக்கும் வரை, நின்ற இடத்திலேயே கன்வெர்ட்டர் சார்ஜ் ஏற்றும். ஒரு மணி நேரமாவது விட்டு வையுங்கள். உங்கள் மின்சாரக் காரை வைத்து அடுத்தவரின் பெட்ரோல் வண்டியை ஸ்டார்ட் செய்துகொடுக்க ஆசைப்படாதீர்கள். செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியருக்கு உங்கள் பேட்டரி செய்யப்பட்டதல்ல. பல கார்களின் கையேடு இதைத் தடுக்கவே செய்கிறது.

பிறகு மல்டிமீட்டரை எடுங்கள். எலக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். காரைப் பூட்டிச் சில மணி நேரம் கழித்து, டெர்மினல் இரண்டிலும் முனையை வைத்துப் பாருங்கள். 12.6 அல்லது அதற்கு மேல் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. பானட்டைத் திறக்கும்போதே கார் விழித்துக்கொண்டு கொஞ்சம் இறக்கிக் காட்டும். அதனால் பானட்டை முன்பே திறந்து வைத்துவிட்டுக் காத்திருப்பது நல்லது. சின்ன பேட்டரி லித்தியம் என்றால் இந்த எண்கள் பொருந்தா.

அடுத்து காரை ரெடிக்குக் கொண்டுவந்து அதே இடத்தில் அளந்து பாருங்கள். 13.5 முதல் 14.7க்குள் ஏறினால் கன்வெர்ட்டர் வேலை செய்கிறது. ஏறவே இல்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்லிப் பயனில்லை. எத்தனை புது பேட்டரி மாட்டினாலும் இறங்கத்தான் செய்யும். ஐயோனிக் 5 கதை அதுதான். அதில் ஆட்டோ எலக்ட்ரீசியன் கை வைக்கக் கூடாது. கம்பெனி சர்வீஸ் சென்டர்தான் பார்க்க வேண்டும்.

கன்வெர்ட்டர் நன்றாக இருந்தும் காலையில் இறங்கியிருக்கிறதா? குற்றவாளி பேட்டரியா, கரண்டைத் திருடும் கேமரா போன்ற ஏதாவதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முதலில் டெர்மினலில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருப்பதைச் சுத்தம் செய்து முடுக்குங்கள். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் முழுசாகச் சார்ஜ் ஏற்றி, காரை அணைத்து, நெகட்டிவ் வயரை மட்டும் கழற்றி ஓர் இரவு விடுங்கள். சாவி கையில் இருக்கட்டும், பானட் திறந்தே இருக்கட்டும். வயர் இல்லாமலே வோல்ட்டேஜ் விழுந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. விழாமல் நின்றால் காருக்குள் ஏதோ இழுக்கிறது. பிற்பாடு மாட்டிய உதிரிகளிலிருந்து தேடத் தொடங்குங்கள். ரெடியில் இருக்கும்போது மட்டும் டெர்மினலைக் கழற்றவே கூடாது.

பேட்டரி மாற்றும்போது அதே வகையைக் கேட்டு வாங்க வேண்டும். ஏஜிஎம் என்ற மூடிய வகை ஈய-அமில பேட்டரி வந்த காரில் விலை குறைவு என்று தண்ணீர் ஊற்றும் பேட்டரியை வைத்தால் சார்ஜ் முறை ஒத்துப்போகாது. பழையதை விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு.

பெரிய பேட்டரிக்கு எட்டு வருட வாரண்டி என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுவார்கள். சின்னதுக்கு எவ்வளவு என்பதைக் கேட்டால்தான் சொல்வார்கள். டெலிவரி எடுக்கும் நாளில் அதைக் கேளுங்கள். பானட்டைத் திறந்து பேட்டரி எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். ரிமோட்டுக்குள் இருக்கும் இரும்புச் சாவியால் கதவை ஒருமுறை நீங்களே திறந்து பார்த்துவிடுங்கள். நான்காவது கோடை வருவதற்குள், சில ஆயிரம் ரூபாய் ஆனாலும் பரவாயில்லை, பேட்டரியை மாற்றிவிடுங்கள்.