கணக்குப் புத்தகத்திடம் கணக்குக் கேளுங்கள்!

கால் கிலோ கத்தரிக்காய் வாங்கப் போனால் காம்பைப் பார்க்கிறோம், சொத்தையைப் பார்க்கிறோம். மாடு பிடிக்கப் போனால் பல்லைப் பார்க்கிறோம், நடையைப் பார்க்கிறோம். சங்கரன்கோவிலிலே தறி நெய்யும் தோழர் நூல் எடுக்கப் போனால் நம்பரைக் கேட்கிறார், இழையை இழுத்துப் பார்க்கிறார், எடையைச் சரி பார்க்கிறார். ஏமாந்தால் சேலை கெடும், ஒரு வாரக் கூலி போகும் என்பது அவருக்குத் தெரியும்.

அதே தோழரின் மகள் கையிலே கணக்குப் புத்தகம் இருக்கிறது. அதை யார் புரட்டிப் பார்த்தார்? யார் இழுத்துப் பார்த்தார்? யார் நிறுத்துப் பார்த்தார்? இங்கே ஏமாந்தால் கெடுவது ஒரு சேலையா? ஒரு பிள்ளையின் பத்தாண்டுப் படிப்பு! போவது வாரக் கூலியா? வாழ்நாள் கூலி!

"அதையெல்லாம் படித்தவர்கள் பார்த்திருப்பார்கள், நமக்கு ஏனப்பா வம்பு?" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பார்த்தார்களா? எப்படிப் பார்த்தார்கள்? யாருடைய கண்ணாலே பார்த்தார்கள்? அதைத்தான் இன்று கேட்கப் போகிறோம்.

"எனக்குக் கணக்கு வராதுங்க" என்று கூசி நிற்கும் நெசவாளித் தோழரே! உமக்கா கணக்கு வராது? நூலுக்கு நம்பர் போட்டது எப்படி? ஒரு சிட்டம் என்பது 840 கஜம். ஒரு பவுண்டு எடையிலே எத்தனை சிட்டம் நிற்கிறதோ, அதுவே அந்த நூலின் நம்பர். 60-ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டிலே 50,400 கஜம். 80-ஆம் நம்பர் என்றால் 67,200 கஜம். நம்பர் ஏற ஏற நூல் மெலிகிறது. நம்பர் இரட்டித்தால் அதே நீள நூலின் எடை பாதியாகிறது. ஒன்று ஏற மற்றொன்று இறங்கும் இந்தச் சங்கதிக்குப் பள்ளிக்கூடத்திலே 'எதிர் விகிதம்' என்று பெயர். பெயர்தான் உமக்குத் தெரியாது. பொருள் உம் விரல் நுனியிலே இருக்கிறது!

தறியோசையிலே வளர்ந்த பெண், இந்த எதிர் விகிதத்தைக் கண்ணாலே கண்டவள், கையாலே தொட்டவள். அவளுக்கு மோசமான புத்தகம் என்ன சொல்லும்? "ஒரு வேலையை 12 பேர் 15 நாளில் முடித்தால் 20 பேர் எத்தனை நாளில் முடிப்பர்?" என்று கேட்கும். எந்த வேலை, யாருடைய வேலை என்று சொல்லாது. விதியை எழுது, எண்ணைப் போடு, 9 என்று விடை சொல், அடுத்த கணக்குக்குப் போ! தறியடியிலே தெரிந்ததைத் தெரியாததாக்கி, அவளைத் தேர்விலே தோற்கடித்து, "இந்தச் சாதிக்குக் கணக்கு வராது" என்று ஊரையும் பேச வைக்கும்.

வகுத்தலைப் பாருங்கள். 3-ஐ அரையால் வகுக்க வேண்டும். "பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கு" என்கிறது ஒரு புத்தகம். ஏன் தலைகீழாக்க வேண்டும்? "அப்படித்தான்!" இது கணிதமா, மந்திரமா? "ஏன் என்று கேளாதே, சொன்னதைச் செய்" என்ற குரலை எதிர்த்துத்தானே ஒரு தலைமுறையே மேடை ஏறியது! அந்தக் குரல் கணக்குப் புத்தகத்துக்குள்ளே புகுந்து உட்கார்ந்துகொண்டால் விடலாமா?

இன்னொரு புத்தகம் கேட்கிறது: மூன்று லிட்டர் பால் இருக்கிறது, ஆளுக்கு அரை லிட்டர் ஊற்றினால் எத்தனை பேருக்கு வரும்? ஒரு லிட்டருக்கு இரண்டு பேர், மூன்று லிட்டருக்கு ஆறு பேர். அரையால் வகுப்பதும் இரண்டால் பெருக்குவதும் ஒன்றே என்பது பிள்ளைக்கு விளங்கிவிட்டது. விலையிலே இரண்டு புத்தகமும் ஒன்றாக இருக்கலாம். விளைவிலே ஒன்று அடிமையை வளர்க்கிறது, மற்றொன்று அறிவாளியை வளர்க்கிறது.

சரி, இந்தப் புத்தகங்களை நம் நாட்டிலே தேர்ந்தெடுத்த கதை என்ன?

திண்ணைப் பள்ளிக் காலத்திலே எண்சுவடியே புத்தகம். மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று என்று பிள்ளைகள் ஓதினர். நெல்லளக்கவும் நிலமளக்கவும் உதவிய கணக்கு, மறுக்கவில்லை. ஆனால் அந்த நிலத்தை உழுதவன் பிள்ளைக்கு, ஒடுக்கப்பட்டவன் பிள்ளைக்கு, அந்தத் திண்ணையிலே இடம் இருந்ததா?

பின்னர் அச்சுப் புத்தகம் வந்தது. தனியார் பதிப்பகத்தார் அச்சிடுவர், அரசுக் குழு ஒப்புதல் தரும், பள்ளி தேர்ந்தெடுக்கும். 1970-இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் தோன்றியது. அரசே நூலை எழுதுவித்து, அரசே அச்சிட்டுத் தரும் வழி பிறந்தது. ஆயினும் மாநில வாரியம், மெட்ரிகுலேசன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நாலு வாரியம், நாலு பாடத்திட்டம்! ஒரே ஊரிலே, ஒரே தெருவிலே, ஒரே வயதுப் பிள்ளைகளுக்கு வேறு வேறு கணக்கு! இரண்டும் இரண்டும் நாலு என்பது பணக்காரன் வீட்டிலும் நாலுதான், பாட்டாளி வீட்டிலும் நாலுதான். புத்தகம் மட்டும் ஏன் வேறு?

அந்தக் கேள்வியை ஆராய முனைவர் ச. முத்துக்குமரன் தலைமையில் 2006-இல் குழு அமைந்தது. 2007-இல் அறிக்கை தந்தது. 2010-இல் சமச்சீர்க் கல்விச் சட்டம் வந்தது. அவ்வாண்டே 1-ஆம் வகுப்புக்கும் 6-ஆம் வகுப்புக்கும் பொதுப் பாடநூல் வந்தது. மற்ற வகுப்புகளுக்கு 2011-இல் வரவேண்டும்.

2011 மே மாதம் ஆட்சி மாறியது. "தரம் போதாது" என்று சொல்லி, திட்டத்தைத் தள்ளிவைக்கச் சட்டத் திருத்தம் வந்தது. தரம் போதாது என்று அளந்தவர் யார்? எந்த அளவுகோலால் அளந்தார்? வழக்கு நீதிமன்றம் ஏறிய பின்னரே, உச்சநீதிமன்றத்தின் உத்தரவுப்படி, தலைமைச் செயலாளர் தலைமையில் நூல்களை ஆராய ஒரு குழு அமர்ந்தது. கவனியுங்கள் தோழர்களே! முதலில் தீர்ப்பு, பிறகு விசாரணை! அந்தக் குழுவிலே தனியார் பள்ளி நடத்துவோரும் இடம்பெற்றனர். திருத்தங்களோடு நூல்களை நடத்தலாம் என்ற கருத்து உறுப்பினரிடையே இருந்ததையும், இறுதி அறிக்கை வேறு திசையிலே போனதையும் உயர்நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. 2011 ஜூலை 18-இல் உயர்நீதிமன்றம் திருத்தத்தைத் தள்ளியது. ஆகஸ்ட் 9-இல் உச்சநீதிமன்றம் 25 காரணங்களை அடுக்கி, பத்து நாளுக்குள் நடைமுறைப்படுத்து என்றது.

ஜூனிலே பள்ளி திறந்தது. ஆனி போயிற்று, ஆடி பிறந்தது. சங்கரன்கோவிலிலே தபசுத் திருவிழாவுக்குக் கடைகள் வரும் மாதமும் வந்துவிட்டது, புத்தகம் வரவில்லை! வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனிப்பயிற்சி ஆசிரியர் உண்டு. தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு எவர் உண்டு? அந்த நூல்களிலே பிழையே இல்லையா என்று கேட்பீர்கள். பிழையிருந்தால் திருத்துக! பொத்தான் அறுந்ததென்று சட்டையையே கொளுத்துவாரோ?

இது நம் நாட்டு நோய் மட்டும்தானா என்றால், இல்லை. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவைப் பாருங்கள். 1965-இல் நோபல் பரிசு பெற்ற இயற்பியல் மேதை ரிச்சர்டு ஃபைன்மன், அந்த நாள்களிலே கலிபோர்னியா மாநிலத்தில் கணக்குப் புத்தகங்களைத் தேர்வு செய்யும் குழுவிலே அமர்ந்தார். அங்கே கண்டதைப் பின்னாளில் தம் நினைவுக் குறிப்புகளிலே சொல்லியிருக்கிறார். ஒரு பதிப்பகத்தின் மூன்று நூல் வரிசையிலே ஒரு நூல் உரிய காலத்தில் தயாராகவில்லை. ஆகவே அட்டை மட்டும் போட்டு, உள்ளே வெறுந்தாளை வைத்து அனுப்பிவிட்டனர். அந்த வெறுந்தாள் புத்தகத்துக்கும் உறுப்பினர் சிலர் மதிப்பெண் போட்டிருந்தனர்! அதுவும் எழுத்துள்ள மற்ற இரண்டையும் விடச் சற்றுக் கூடுதலாக! படிக்காமலே மதிப்பிட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்னொரு நூலிலே, தந்தையும் மகனும் வானத்து விண்மீன்களைப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு விண்மீனின் வெப்பத்தையும் கூட்டி மொத்த வெப்பம் சொல்லச் சொல்கிறது கணக்கு. ஃபைன்மன் கொதித்தார். கொதிக்க மாட்டாரா? சங்கரன்கோவில் வெயில் 100 டிகிரி, குற்றாலத்து வெயில் 90 டிகிரி, ஆக மொத்தம் 190 டிகிரி என்று எவனாவது கூட்டுவானா? கூட்டல் சரி, கருத்து பிழை! பதிப்பகத்தார் அன்பளிப்புகளோடு தம்மைச் சுற்றிவந்ததையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். வணிகன் நுழையும் இடத்திலே வாசகன் வெளியேறிவிடுகிறான்!

நல்ல வழியும் உண்டு, நாம் காணாததல்ல. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணிதக் கல்வியை ஆராய்ந்த குழுவுக்குத் தலைவர், சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ரா. ராமானுஜம். பிள்ளைகளைக் கணக்கிலிருந்து விரட்டுவது அச்சமும் தோல்வி உணர்வுமே என்று அந்தக் குழு முதலிலேயே சுட்டியது. அதன்பின் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட தொடக்க வகுப்பு நூல்களிலே முர்ஷிதாபாத்தின் செங்கல் வேலை கணக்காயிற்று, பாட்னாவில் பழைய பொருள் வாங்கி விற்கும் பெண் கணக்குக்கு நாயகியானாள். கொத்தனாரும் பழைய பொருள் வியாபாரியும் புத்தகத்துக்குள்ளே தலைநிமிர்ந்து நடந்தனர்!

தமிழ்நாட்டிலும் 2017 நவம்பரில் புதிய பாடத்திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்டனர். 2018-இலும் 2019-இலும் புதிய நூல்கள் வந்தன. கேட்டது நல்லது, பாராட்டுகிறோம். ஆனால் இணையத்திலே கேட்டார்கள். விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே நிற்கும் தோழருக்கு அது கேட்டதா?

தனியார் பதிப்பக நூல்களைச் சுமையாக ஏற்றும் பள்ளிகளைப் பற்றி வந்த ஒரு வழக்கிலே, 2018 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம், சி.பி.எஸ்.இ. பள்ளிகளிலே 1, 2 வகுப்புகளுக்கு மொழியும் கணக்கும் தவிர வேறு பாடம் வைக்காதே, வீட்டுப்பாடம் தராதே என்று உத்தரவிட்டது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் தொழிலாளித் தந்தை, பள்ளி நீட்டும் புத்தகக் கட்டுக்குப் பணத்தை எண்ணி வைத்துவிட்டு வருகிறார். கட்டுக்குள்ளே என்ன என்று கேட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற அச்சம்! கேட்பது உரிமை தோழரே, குற்றமல்ல!

என்ன கேட்பது? ஐந்தே கேள்வி.

ஒன்று: கணக்கும் விடையும் சரியா? மாதிரிக்குப் பத்துக் கணக்கை ஆசிரியரிடம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டு: 'எப்படி' என்று சொல்லும் புத்தகம் 'ஏன்' என்றும் சொல்கிறதா?

மூன்று: படி தாண்டாமல் ஏறுகிறதா? தெரிந்ததிலிருந்து தெரியாததற்குக் கைபிடித்து அழைக்கிறதா, இடையிலே குழியைத் தோண்டிவைத்துத் தனிப்பயிற்சிக்கு அனுப்புகிறதா?

நான்கு: நம் தறியும் வயலும் பூச்சந்தையும் அதிலே உண்டா? செய்துபார்க்கச் சொல்லும் பயிற்சி புளியங்கொட்டையிலும் குச்சியிலும் முடிகிறதா, கடையிலே காசு கொடுத்து வாங்கும் பெட்டி வேண்டுமா? பள்ளிக்கு அரசு தந்த பெட்டி திறந்திருக்கிறதா, அலமாரியிலே பூட்டிக் கிடக்கிறதா?

ஐந்து: அச்சேறும் முன் இதை எந்த வகுப்பிலே நடத்திப் பார்த்தார்கள்? எந்த ஊரின் பிள்ளைகள் படித்துப் பார்த்தார்கள்? நகரத்துப் பிள்ளைகள் மட்டுமா, நம் கரிசல் காட்டுப் பிள்ளைகளுமா?

எங்கே கேட்பது? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளிலே பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. உறுப்பினரில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு இல்லை, உண்மைதான். ஆனால் கேள்வியை எழுதித் தீர்மானமாக்கி மேலே அனுப்ப எவர் தடுப்பார்? கிளை நிர்வாகிகளே! கொடியேற்றும் நாளிலே காட்டும் ஊக்கத்தை அந்தக் கூட்டத்து நாளிலும் காட்டுங்கள். கையிலே கணக்குப் புத்தகத்தோடு போங்கள். எந்தப் பக்கத்திலே பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள் என்று வகுப்பு ஆசிரியரைக் கேளுங்கள். அவர் நம் பகைவரல்லர். புத்தகத்தின் குறையை நாள்தோறும் தாங்குபவரும் அவரே. அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஊரின் பெயரால் மேலே எழுதுங்கள்.

புத்தகத்தை எழுதுவோருக்கும் ஏற்போருக்கும் ஒரு சொல். மேதைகள் எழுதட்டும், வணங்குகிறோம். ஆனால் இறுதி மதிப்பெண்ணை இடவேண்டியது, தனிப்பயிற்சிக்குப் போக வழியில்லாத பிள்ளை. அவள் தானே படித்து, தானே புரிந்து, தானே விடை கண்டால் அந்தப் புத்தகம் வெற்றி. அவள் தடுமாறினால், எத்தனை பட்டம் பெற்றவர் ஒப்பமிட்டிருந்தாலும் அது தோல்வி.

ஏடு எடுத்தவனை நோக்கி ஏன் என்று கேட்கும் துணிவை நம் தந்தையர் நமக்குத் தந்து சென்றனர். அந்தத் துணிவை நம் பிள்ளைகளுக்கு ஊட்ட வேண்டிய முதல் ஏடு கணக்குப் புத்தகம். அது ஊட்டுகிறதா என்று பாருங்கள். ஊட்டவில்லையென்றால் விடாதீர்கள், கணக்குக் கேளுங்கள்!