எடைக்கு எடை பெருக்கினால்…

யானைக்கு ஏன் மதம் பிடிக்கிறது என்று கண்டறிய, 1962 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டி உயிரியல் பூங்காவில் டஸ்கோ என்ற ஆண் யானைக்கு 297 மில்லிகிராம் எல்.எஸ்.டி. என்ற போதைமருந்தைச் செலுத்தினார்கள். ஐந்தே நிமிடத்தில் பிளிறிச் சாய்ந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போய்விட்டது. அதன் வலிப்பை அடக்கப் போட்ட ஊசிகளும் காரணமாக இருக்கலாம் என்பவர்கள் உண்டு. ஆனாலும் அளவை நிர்ணயித்த விதம் இருக்கிறதே! பூனைகளுக்குக் கொடுத்த அளவை வைத்துக்கொண்டு, கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று யானையின் எடையால் பெருக்கியிருந்தார்கள்.

இத்தனைக்கும், அந்தப் பெருக்கல் செல்லாது என்பது 1932இலேயே தெரியும். கலிபோர்னியாவில் கால்நடைத் தீவனத்தை ஆராய்ந்த மாக்ஸ் கிளைபர், புறா முதல் காளை வரை கணக்குப் பார்த்தார். உடல் எடை 10,000 மடங்கு கூடினால், எரிக்கும் சக்தி சுமார் 1,000 மடங்குதான் கூடுகிறது. அடுக்குக்குறி முக்கால். பெரிய உடலின் இந்தச் சிக்கனம் இதயத் துடிப்பிலும் தெரியும்: சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு 500 தடவைக்கு மேல் துடிக்க, யானைக்கு 30 போதும்.

ஏன் முக்கால்? வெப்பம் தோல் வழியே வெளியேறுவதுதான் காரணம் என்றால், மூன்றில் இரண்டு வந்திருக்க வேண்டும். 1997இல் ஜெஃப்ரி வெஸ்ட் என்ற இயற்பியலாளரும், ஜேம்ஸ் பிரௌன், பிரையன் என்க்விஸ்ட் என்ற சூழலியலாளர்களும் ரத்தக் குழாய்களில் விடை தேடினார்கள். குழாய் கிளைத்துக் கிளைத்து உடம்பு முழுக்கப் பரவ வேண்டும்; இதயத்துக்கு வேலை மிச்சமாக வேண்டும்; கடைசித் தந்துகியின் அகலம் எலிக்கும் திமிங்கலத்துக்கும் ஏறக்குறைய ஒன்றே. சிவப்பணுக்கள் அங்கே ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நுழைய முடியும். இந்த மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டால் முக்கால் வந்து நிற்கிறது.

அழகான கணக்குத்தான், எல்லோரும் ஏற்கவில்லை. 2001இல் டாட்ஸ், ராத்மன், வைட்ஸ் மூவரும் பழைய தரவுகளைக் கிளறி, முக்கால் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது என்றார்கள். என்னைக் கேட்டால், இந்தச் சண்டையைவிடச் சுவையானது 2010இல் பிரௌனும் சேர்ந்து எழுதிய இன்னொரு கட்டுரை. பாக்டீரியாவில் விதி தலைகீழ்: உடல் பெருப்பதைவிட வேகமாகச் சக்திச் செலவு கூடுகிறது. பெரிய பாக்டீரியாவில் மரபணுக்கள் அதிகம். கூடுதல் செய்தி இருந்தால் கூடுதல் வேதிவினைகளை நடத்தலாம், அதனால்தான் இந்த வேகம் என்பது அவர்கள் தந்த விளக்கம். ஒருசெல் உயிர்களான அமீபா வகையறாவிலோ, எடைக்கு எடை சரியாகவே பெருகுகிறது. பலசெல் விலங்குகளுக்கு வந்த பிறகுதான் முக்கால் பக்கம் இறங்குகிறது.