செய்தி சேர வேண்டிய இடம்

பெங்களூர் மடிவாளாவில் ஓசூர் பஸ் ஏறி, எலெக்ட்ரானிக் சிட்டியையும் பொம்மசந்திரத் தொழிற்பேட்டையையும் கடந்து வந்தால், ஆனேக்கல் சாலை பிரிகின்ற சந்தாபுரா வருகிறது. காலை வேளையில் அந்தச் சந்திப்பில் நிற்பவர், கண்டக்டர் கன்னடத்தில் கூவுவதையும், ஓசூர்ப் பக்கத்திலிருந்து ஆலை வேலைக்கு வந்து இறங்குகிறவர்கள் தமிழில் பேசிக்கொண்டு சாலையைக் கடப்பதையும், வடதேசத்து இளைஞர்கள் ஹிந்தியில் வழி கேட்பதையும் ஏககாலத்தில் கேட்கலாம். பிரயாணிக்கு இது ஒரே சாலை. போலீஸ் நிர்வாகத்துக்கோ, பின்னால் விட்டு வந்தது மாநகரக் கமிஷனரின் எல்லை. இது மாவட்டப் போலீஸின் எல்லை. அத்திப்பள்ளியைத் தாண்டி ஜூஜுவாடிக்குள் போய்விட்டால் தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டம். நாச வேலைக்குத் துணிந்தவன் இந்த எல்லைகளில் எதற்கும் தலைவணங்கிப் போவதில்லை. அவனைப் பற்றிய செய்திதான் ஒவ்வோர் எல்லையிலும் நின்று நின்று போகிறது.

2008-ஆம் ஆண்டு ஜூலை 25 அன்று நடுப்பகலில், இதே ஓசூர் சாலையின் தலைமாட்டிலுள்ள மடிவாளாவில், பஸ்ஸுக்காகக் காத்திருந்த ஒரு பெண்மணி வெடிகுண்டுக்குப் பலியானார். நகரின் வேறு சில இடங்களிலும் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. மறுநாள் அஹமதாபாதில் மாண்டவர்கள் ஐம்பதுக்கு மேல். நவம்பர் 26 அன்று மும்பையில் தொடங்கிய தாக்குதலில் 166 பேர் உயிரிழந்தார்கள். பகைவர்கள் கடல் மார்க்கமாக வரக்கூடும் என்ற எச்சரிக்கைகள் முன்னரே வந்திருந்தன என்பது பிற்பாடு வெளிப்பட்டபோது தேசமே மனம் பதைத்தது.

கார்கில் யுத்தத்தின் படிப்பினையாக 2001-இல் மத்திய உளவுத் துறையின்கீழ்த் தோன்றியிருந்த பல்முகமை மையம் என்னும் ஸ்தாபனம், மும்பைத் துயரத்துக்குப் பிறகே உண்மையான பலம் பெற்றது. உளவு, ராணுவம், எல்லைக் காவல், வருவாய்ப் புலனாய்வு முதலிய துறைகள் தாம் அறிந்ததை அங்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். மாநிலத் தலைநகரங்களிலுள்ள துணை மையங்கள் வழியாக அது மாநிலப் போலீஸுக்குப் போக வேண்டும். மாநிலத்தார் கண்டறிந்ததும் அதே வழியாக டில்லிக்கு ஏற வேண்டும். இவ்வாறு பகிர்வதைக் கட்டாயக் கடமையாக்கிய உத்தரவு 2008 டிசம்பர் 31-இல் பிறந்தது. தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ.வை ஏற்படுத்திய சட்டமும் அதே நாளைச் சேர்ந்ததுதான்.

நமது அரசியல் சாசனத்தில் போலீஸும் பொது அமைதியும் மாநிலங்களின் அதிகாரங்கள். ஆகையால்தான், கைது செய்யும் அதிகாரமுள்ள தேசியப் பயங்கரவாத எதிர்ப்பு மையம் ஒன்றை 2012-இல் மத்திய சர்க்கார் அறிவித்தபோது, தமிழ்நாடு உட்படப் பல மாநில முதலமைச்சர்கள் ஆட்சேபித்து அதை நிறுத்திவைக்கச் செய்தார்கள். அதிகாரம் யாரிடம் இருப்பது என்ற விவாதம் நியாயமானதே. ஆனால் அது முடியும்வரை அபாயம் பொறுத்திருக்காது.

செய்தி இருந்தும் உயிர் போன கொடுமையை நம் பக்கத்துத் தீவில் கண்டோம். 2019 ஏப்ரல் 4 அன்று, தேவாலயங்கள் தாக்கப்படலாம் என்ற தகவலை இந்திய உளவுத் துறையினர் இலங்கையின் அரச புலனாய்வுச் சேவைக்குத் தெரிவித்தார்கள். ஏப்ரல் 9-இல் அது கடிதமாகப் போலீஸ் மா அதிபருக்குப் போயிற்று. 11-இல் இன்னொரு குறிப்பு எழுதப்பட்டு, பிரமுகர்களின் பாதுகாப்புப் பிரிவுகளுக்கு அனுப்பப்பட்டது. பிரமுகர்களைக் காப்பவர்கள் கையில் அந்தக் காகிதம் இருந்தது. பாமர ஜனங்கள் மண்டியிடும் கோயில்களின் வாசலுக்கு அது போய்ச் சேரவில்லை. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு என மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் பெரிய ஹோட்டல்களிலும் 250-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள்; மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில், ஞாயிறு பாடசாலை முடித்து முற்றத்துக்கு வந்திருந்த குழந்தைகளும் அவர்களில் உண்டு. முன்னாள் ஜனாதிபதியும் உயர் அதிகாரிகளும் கடமை தவறினார்கள் என்று 2023 ஜனவரி 12 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, அவர்கள் தம் சொந்தப் பணத்திலிருந்து நஷ்டஈடு தரும்படி உத்தரவிட்டது.

இந்தத் தவறு ஏன் நேர்கிறது? தகவல் தந்தவன் உயிருக்கு ஆபத்து வருமோ என்ற தயக்கம் ஒன்று. தினமும் வந்து குவியும் பொதுப்படையான எச்சரிக்கைகளில் மெய்யானதைப் பிரித்தறியும் சிரமம் மற்றொன்று. இவற்றைவிடப் பெரியது, காகிதத்தை அடுத்த மேஜைக்குத் தள்ளிவிட்டால் தன் பொறுப்பு தீர்ந்தது என்று எண்ணும் உத்தியோக மனோபாவம். அனுப்பினோம் என்பதற்கு ரசீது இருக்கிறது. பெற்றவர் என்ன செய்தார் என்று திருப்பிக் கேட்கும் வழக்கம்தான் இல்லை.

விபரீதம் நடந்த பிறகு எல்லோரும் ஒன்றுகூடிவிடுகிறார்கள் என்பதையும் பெங்களூர் கண்டது. 2024 மார்ச் 1 அன்று புரூக்ஃபீல்டிலுள்ள ராமேஸ்வரம் கஃபேயில் மதிய வேளையில் குண்டு வெடித்துப் பலர் காயமுற்றார்கள். விசாரணையை ஏற்ற என்.ஐ.ஏ., கர்நாடகத்தில் 12, தமிழ்நாட்டில் 5, உத்தரப் பிரதேசத்தில் 1 என 18 இடங்களில் சோதனையிட்டது. சம்பவம் நடந்த 42-ஆம் நாள், பல மாநிலப் போலீஸாரின் ஒத்துழைப்புடன், குற்றம் சாட்டப்பட்ட இருவர் மேற்கு வங்காளத்தில் கைதானார்கள். பின்னால் கூடிய இந்த ஒற்றுமை முன்னாலேயே கூட வேண்டும் என்பதே நம் பிரார்த்தனை.

அதே வேளையில், செய்தி வேறு, சந்தேகம் வேறு என்பதையும் மறக்கலாகாது. அந்தச் சம்பவத்தையொட்டித் தமிழ்நாட்டாரைப் பழித்துப் பேசிய மத்திய அமைச்சர் ஒருவர் பின்னர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. சந்தாபுராவில் வாடகை அறை தேடும் ஓர் இளைஞனின் பாஷையோ மதமோ துப்பு ஆகாது. ஆதாரமில்லாத வதந்தி, நிரபராதியை வதைப்பதோடு, மெய்யான எச்சரிக்கையின் மதிப்பையும் குறைத்துவிடுகிறது.

காலை முறைக்கு வந்து இந்தச் சந்திப்பில் நிற்கும் கான்ஸ்டபிளை நினைத்துப் பாருங்கள். டில்லியில் தெரிந்தது அவருக்குத் தெரிய வேண்டுமானால், எந்த இடம், எந்த நாள், எதைக் கவனிப்பது, யாரைக் கூப்பிடுவது என்ற நான்கு விவரங்கள் அவர் வாசிக்கும் கன்னடத்தில், ஜூஜுவாடியில் நிற்கும் அவருடைய சகாவுக்குத் தமிழில், முறை தொடங்குமுன் கையில் இருக்க வேண்டும். கேட்பாரற்றுக் கிடக்கும் பையைக் கண்ட டீக்கடைக்காரர் 112-க்குச் சொல்வதும், அதை அந்தக் கான்ஸ்டபிள் மேலே தெரிவிப்பதும், மேலிருந்து அவருக்குப் பதில் வருவதும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். மடிவாளாவில் பஸ்ஸுக்காக நின்ற அந்தப் பெண்மணியைப் போல் இங்கே தினமும் ஆயிரம் பேர் நிற்கிறார்கள். எச்சரிக்கை வந்து சேர வேண்டிய விலாசம் அவர்கள் நிற்கும் அந்த நிழற்குடைதான்.