ஊரும் படையும்: இடையே நிற்கும் சொல்

சாமளாபுரத்தில் வாழ்வோர்க்கு இரண்டு ஒலிகள் நன்கு பழக்கமானவை. ஒன்று, தறிக்குடோன்களில் இரவு பகலாக ஒலிக்கும் விசைத்தறியின் ஓசை. மற்றொன்று, அவ்வோசையையும் அமுக்கிக்கொண்டு வானில் எழும் போர் வானூர்தியின் முழக்கம். சூலூர் வான்படைத் தளம் நமக்கு அண்மையிலேயே அமைந்திருப்பதால் வானூர்தி பறப்பது இங்குள்ள சிறுவர்க்குக்கூட வியப்பளிப்பதில்லை. ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகலில் எழுந்த பேரொலி அத்தகையதன்று. சன்னல் கதவுகள் அதிர்ந்தன. தறி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் தறியை நிறுத்திவிட்டு வீதிக்கு ஓடி வந்தனர். சாயப்பட்டறையில் பாய்லர் வெடித்துவிட்டது என்றார் ஒருவர். நிலநடுக்கம் என்றார் மற்றொருவர். மாலைக்குள் குளக்கரையில் வானூர்தி விழுந்துவிட்டது என்றும் செய்தி பரவிவிட்டது! விடுதி மாணவர்களின் பெற்றோர் பதறிப்போய்த் தொலைபேசியில் அழைத்த வண்ணம் இருந்தனர். மறுநாட் காலைச் செய்தித்தாளில், வானூர்தியின் ஒலியே அது என்று நான்கு வரியில் ஒரு பெட்டிச் செய்தி வந்த பின்னரே ஊர் அமைதியுற்றது.

அந்நான்கு வரி முதல்நாள் மாலையே வந்திருக்குமாயின் எத்துணை நலமாக இருந்திருக்கும் என்று நாம் எண்ணியதுண்டு. படை, ஊருடன் எவ்வாறு பேசுகிறது? எவர் வாயிலாகப் பேசுகிறது? இதழாளரோடு அதற்குள்ள உறவு எத்தகையது? தமிழ்த்துறை மலரில் இவ்வினாக்களுக்கு இடமுண்டோ எனச் சிலர் ஐயுறலாம். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார், புறநானூற்றின் 9ஆம் பாடலில் அம்மன்னனுடைய போர்நெறியைப் போற்றுகிறார். பசுக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியுடையோரும் தத்தம் காவலிடம் சேருமாறு முதலில் அறிவித்து, அதன்பின் அம்பு தொடுக்கும் நெறி அது. படையின் சார்பில் குடிமக்களுக்கு விடுக்கப்பட்ட அறிவிப்பு நம் இலக்கியத்தில் அத்துணைப் பழமையானது. ஆதலின் இப்பொருள் நமக்கு அயலானதன்று.

சூலூர்த் தளத்தின் வரலாறே சுவை மிக்கது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியர் பயன்படுத்திய தளம் இது. கடற்படையின் ஐ.என்.எஸ். ஹன்சா என்னும் வானூர்தி நிலையம் 1961 செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கப்பெற்றது கடலே இல்லாத இச்சூலூரில்தான். 1964இல் அது கோவாவுக்குப் பெயர்ந்தது. உள்நாட்டிலேயே வடிவமைக்கப்பட்ட தேஜஸ் வானூர்திகளின் முதற்படையணி 2018இல் இங்கு வந்து சேர்ந்தது. இரண்டாம் படையணி 2020 மே 27 அன்று இங்கேயே இயங்கத் தொடங்கிற்று. வானில் ஹெலிகாப்டர்களைக் கொண்டு விந்தை புரியும் சாரங் குழுவின் இருப்பிடமும் இதுவே. 2024 ஆகஸ்டில் செருமனி, பிரான்சு, இசுபெயின், பிரித்தானியா ஆகிய நாடுகளின் வான்படைகள் தரங் சக்தி என்னும் கூட்டுப் பயிற்சிக்காக இங்கு வந்தன. இவ்வளவும் நம் தலைக்கு மேலே நிகழ்கின்றன. நாம் அறிவதோ செய்தித்தாள் வாயிலாகவே.

அச்செய்தி புறப்படும் வழியினைச் சிறிது காண்போம். இந்தியாவில் முப்படைகளின் செய்தித் தொடர்பு, பாதுகாப்பு அமைச்சகத்தின்கீழ் இயங்கும் மக்கள் தொடர்பு இயக்ககத்தைச் சார்ந்தது. அதன் மண்டல அலுவலகங்களுள் ஒன்று சென்னையில் உள்ளது. படைத்தளம் ஒன்றில் நிகழ்வதை அத்தளத்தின் அலுவலர் தாமே இதழாளரிடம் கூறிவிட இயலாது. உரிய அலுவலர் வாயிலாகவே அது வெளிவர வேண்டும். படையின் மறைபொருள் காக்கப்படுவதற்கு இம்முறை தேவையே. ஆனால் ஒரு சொல் பல மேசைகளைக் கடந்து வெளிவருவதற்குள், வதந்தி ஊரை மும்முறை வலம் வந்துவிடுகிறது. மக்கள் தொடர்பு அலுவலரின் இடர்ப்பாடு முழுவதும் இந்த இடைவெளியில்தான் அடங்கியுள்ளது.

படையினர்க்கென வெளியிடப்பட்ட இதழ் ஒன்றையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். 1909 சனவரி 2ஆம் நாள் ‘ஃபௌஜி அக்பார்’ என்னும் பெயரில் தோன்றி, 1954இல் ‘சைனிக் சமாச்சார்’ எனப் பெயர் மாற்றம் பெற்ற அவ்விதழ் தமிழ் உட்பட 13 மொழிகளில் வெளிவந்தது. படைவீரனுடன் அவன் தாய்மொழியிற் பேச வேண்டும் என்பதை அரசு தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது. படைத்தளத்தின் வேலிக்கு இப்பால் வாழும் குடியானவனுக்கும் அவ்வுரிமை உண்டு என்னும் உணர்வு பின்னரே, அதுவும் மெல்லவே, வந்தது.

1999 மே முதல் சூலை வரை நடைபெற்ற கார்கில் போரே இத்துறையில் ஒரு திருப்பம் எனலாம். போர்க்களத்தின் காட்சிகள் தொலைக்காட்சி வாயிலாக இல்லந்தோறும் வந்தமை இந்தியாவில் அதுவே முதன்முறை. தில்லியில் நாள்தோறும் இதழாளர் கூட்டம் நிகழ்ந்தது. தரைப்படையின் சார்பில் விளக்கமளித்த கர்னல் பிக்ரம் சிங் பிற்காலத்தில் தரைப்படைத் தலைவராகவே உயர்ந்தார். போருக்குப் பின் அமைக்கப்பட்ட ஆய்வுக் குழுவின் தலைவர் கே. சுப்பிரமணியம், திருச்சிராப்பள்ளியிற் பிறந்த தமிழர். அக்குழு எல்லைக் காவலையும் உளவையும் மட்டும் ஆராயவில்லை. செய்தித் தொடர்பில் நேர்ந்த குறைகளையும் எடுத்துக்காட்டியது.

நாள்தோறும் கூட்டம் நடத்திவிட்டால் நம்பிக்கை வந்துவிடும் என்பதற்கில்லை. வியத்நாம் போரின்போது சைகோனில் அமெரிக்கப் படையினர் மாலைதோறும் நடத்திய கூட்டத்தை இதழாளர்கள் ‘ஐந்து மணிக் கூத்து’ என்று எள்ளி நகையாடினர். களத்தில் தாம் கண்டதற்கும் கூட்டத்தில் தாம் கேட்டதற்கும் இடையே பெரும் பிளவு இருந்தமையே காரணம். நம் அருகிலும் கசப்பான சான்று உண்டு. 1987இல் யாழ்ப்பாணம் சென்ற இந்திய அமைதிப்படையைத் தமிழர்கள் முதலில் மாலையிட்டு வரவேற்றனர். அவ்வாண்டு அக்டோபரில் போர் மூண்டபோது ஈழமுரசு, முரசொலி ஆகிய நாளேடுகளின் அச்சகங்கள் அப்படையால் தகர்க்கப்பட்டன. அதன் பின்னர் எத்தனை அறிக்கை விடுத்தும் பயன் யாது? 1990 மார்ச்சில் அப்படையின் இறுதி அணி சென்னைத் துறைமுகம் வந்திறங்கியபோது, அன்றைய முதலமைச்சர் கலைஞர் மு. கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. படைவீரர் பலர் உயிர் நீத்திருந்தனர். தமிழ் மக்களும் பலர் மாண்டிருந்தனர். இருசாராருக்கும் இடையே பேசுவதற்குரிய மொழி அற்றுப்போயிருந்தது.

நஞ்சப்பச் சத்திரம்

அண்மைக் காலத்தில் நம் பகுதியோடு நேரடித் தொடர்புடைய நிகழ்ச்சி 2021 டிசம்பர் 8ஆம் நாள் நேர்ந்தது. முப்படைகளின் முதல் தலைமைத் தளபதி செனரல் பிபின் ராவத் அவர்கள் பயணம் செய்த ஹெலிகாப்டர் காலை 11.48 மணிக்குச் சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் புறப்பட்டது. 12.08 மணியளவில் தொடர்பு அற்றது. குன்னூரை அடுத்த நஞ்சப்பச் சத்திரம் என்னும் சிற்றூரின் அருகே அது வீழ்ந்து எரிந்தது. தீயணைப்பு வண்டி வருமுன்னரே அவ்வூர் மக்கள் குடங்களில் நீர் சுமந்து ஓடினர். வீட்டிலிருந்த போர்வைகளைக் கொணர்ந்து, அவற்றிலேயே காயமுற்றோரைச் சுமந்தனர். எரிந்தது எவருடைய ஊர்தி என்பதை அப்போது அவர்கள் அறியார்.

பிற்பகல் 2 மணிக்குச் சற்று முன் வான்படை ஒரு சிறு அறிவிப்பை வெளியிட்டது. தளபதி பயணம் செய்த ஹெலிகாப்டர் விபத்துக்குள்ளாகியது, விசாரணைக்கு ஆணையிடப்பட்டுள்ளது என்னும் அளவே அதில் இருந்தது. இறப்புச் செய்தி உறுதி செய்யப்பட்டது மாலை 6 மணியளவில். இடைப்பட்ட நான்கு மணி நேரத்தில் தொலைக்காட்சிகள் எத்தனை ஊகங்களை அவிழ்த்துவிட்டன என்பதை நாடறியும். சதி என்றும் எந்திரக் கோளாறு என்றும் பலவாறு பேசப்பட்டன. 10ஆம் நாள், இறந்தோரின் மாண்பைக் கருதி ஆதாரமற்ற ஊகங்களைத் தவிர்க்குமாறு வான்படை வேண்டிக்கொண்டது. அவ்வேண்டுகோளில் குறை காண நாம் விரும்பவில்லை. உறவினர்க்கு உறுதியாகத் தெரிவிக்கும் முன் உலகுக்கு அறிவித்தல் முறையன்று. சொல்லாதிருந்த அந்த நான்கு மணி நேரத்திற்கு அவ்வகையில் ஒரு நியாயம் இருந்தது. ஆயினும், இன்னது தெரியும், இன்னது இன்னும் தெரியாது, இத்தனை மணிக்கு மீண்டும் கூறுவோம் என்று ஓரிரு முறை இடையே உரைத்திருப்பின் ஊகங்கள் பாதியாகக் குறைந்திருக்கும் என்பது நம் கருத்து.

அடுத்து நிகழ்ந்தவை நெஞ்சை விட்டு அகலாதவை. 9ஆம் நாள் உடல்கள் வெலிங்டனிலிருந்து சாலை வழியே சூலூருக்குக் கொண்டுவரப்பட்டபோது, வழிநெடுக மக்கள் நின்று மலர் தூவினர். எவரும் அவர்களை அழைத்து நிறுத்தவில்லை. 13ஆம் நாள் தட்சிண பாரதப் பகுதியின் தலைமை அலுவலர் லெப்டினன்ட் செனரல் அருண் நஞ்சப்பச் சத்திரத்திற்கே நேரிற் சென்று மக்களுக்கு நன்றி கூறினார். போர்வைகளும் வேறு பொருள்களும் வழங்கினார். அவ்வூரை ஓராண்டுக்குப் படை தத்தெடுத்துக்கொள்வதாகவும், மாதந்தோறும் மருத்துவர்கள் வந்து நோயாளரைப் பார்ப்பர் என்றும் அறிவித்தார். மக்கள் தொடர்பு என்பதற்கு நூல்கள் தரும் இலக்கணங்கள் பல. போர்வை கொடுத்த ஊருக்குப் போர்வையைத் திருப்பிக் கொடுத்த செயல் அவற்றுள் எதனினும் நன்றாகப் பொருளை விளக்கிவிடுகிறது.

விபத்தின் காரணம் பற்றிய முதற்கட்ட முடிவு 2022 சனவரி 14 அன்று வெளியாயிற்று. சதியோ எந்திரக் கோளாறோ கவனக்குறைவோ இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை திடுமென மாறியதால் ஊர்தி மேகத்துள் நுழைந்து, விமானி திசையுணர்வு இழக்க நேர்ந்தது என்பது அதன் சாரம். 2024 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கை அதே விபத்தை, விமானக் குழுவினரின் மனிதப் பிழை என்னும் தலைப்பின்கீழ் வகைப்படுத்தியது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணல்ல என்று வல்லுநர் கூறலாம். ஆனால், கவனக்குறைவு இல்லை என்று கேட்ட காதே மூன்றாண்டு கழித்து மனிதப் பிழை என்று கேட்கும்போது மயங்குகிறது. கலைச்சொல்லின் நுண்வேறுபாட்டைப் பாமரர்க்கு விளக்கும் கடமையை எவரும் மேற்கொள்ளவில்லை. மொழி பயிற்றும் நமக்கு இது உறுத்துகிறது.

விழாக் கூட்டமும் உறவும்

படையை மக்களிடம் கொண்டு செல்லும் மற்றொரு வழி காட்சியும் விழாவும் ஆகும். 2024 அக்டோபர் 6ஆம் நாள், வான்படையின் 92ஆம் ஆண்டு விழாவையொட்டிச் சென்னை மெரினாவில் 72 வானூர்திகள் பங்கேற்ற பெருங்காட்சி நடைபெற்றது. நம் சூலூரின் சாரங் குழுவும் அதில் இடம்பெற்றது. காலை 11 மணி முதல் நண்பகல் 1 மணி வரை, நிழலற்ற மணற்பரப்பில், இலக்கக்கணக்கான மக்கள் வெயிலில் நின்றனர். குடிநீர் கிடைக்காமலும் கூட்டத்திலிருந்து வெளியேற வழியின்றியும் அல்லலுற்றனர். ஐவர் உயிரிழந்தனர். வான்படை கேட்டதினும் மிகுதியாகவே ஏற்பாடு செய்தோம் என்று மாநில அரசு கூறியது. எவர் பிழை என்பதை ஆராய்வது நம் வேலையன்று. கூட்டத்தின் அளவைச் சாதனையாகக் கொள்ளும் போக்கே நம்மை வருத்துகிறது. குழந்தையைத் தோளில் ஏற்றி வானத்தைக் காட்டிய தந்தைக்கு, ஒரு குவளைத் தண்ணீர் வானூர்தியினும் பெரிதாக இருந்திருக்கும்.

போர்க்காலத்தின் நிலையோ வேறு. 2025 மே 7 அன்று, வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியுடன் கர்னல் சோஃபியா குரேஷியும் விங் கமாண்டர் வியோமிகா சிங்கும் இதழாளர்முன் தோன்றி விளக்கமளித்தனர். நம் கல்லூரி மாணவியர் அக்காட்சியை ஆர்வத்தோடு பேசிக்கொண்டதை நாம் கேட்டோம். அதற்குச் சில நாள் முன்னர், ஏப்ரல் 26 அன்று, படை நடவடிக்கைகளை நேரலையாகக் காட்டலாகாது என்று செய்தி ஒலிபரப்பு அமைச்சகம் ஊடகங்களுக்கு அறிவுறுத்தியிருந்தது. 2008இல் மும்பைத் தாக்குதலை நேரலையாகக் காட்டியதன் கேட்டை நாடு அறிந்திருந்ததால் இதனைக் குறைகூற இயலாது. இதழாளன் வாய் மூடப்படும் காலத்தில், பேசும் அலுவலரின் ஒவ்வொரு சொல்லும் இருமடங்கு பொறுப்புடையதாகிறது என்பதை மட்டும் கூறி மேற்செல்வோம்.

பேரொலியைப் பற்றித் தொடங்கினோம். 2020 மே 20 அன்று பெங்களூருவிலும் இத்தகைய ஒலி கேட்டது. நண்பகல் கடந்து எழுந்த அவ்வொலிக்கு மாலையில் பாதுகாப்புத் துறையின் மக்கள் தொடர்பு அலுவலகம் விளக்கம் தந்தது. வான்படையின் வழக்கமான சோதனைப் பறத்தல் அது. ஒலியினும் விரைந்து சென்ற வானூர்தி 36,000 முதல் 40,000 அடி உயரத்தில் வேகம் தணிந்தபோது அவ்வொலி எழுந்திருக்கலாம். 65 முதல் 80 கிலோமீட்டர் தொலைவிலும் அது கேட்கும் என்றெல்லாம் அதில் விவரிக்கப்பட்டிருந்தது. நன்கு அமைந்த அறிக்கை. ஆனால் ஆங்கிலத்தில் அமைந்தது.

அதனை நாம் இளங்கலை வகுப்பில் மொழிபெயர்ப்புப் பயிற்சியாகக் கொடுத்தோம். அகராதியைத் தொடாது, தறி ஓட்டும் பெற்றோர்க்கு விளங்குமாறு எழுதுக என்பதே நாம் விதித்த ஒரே கட்டுப்பாடு. ஒரு மாணவர், வானூர்தி தன் ஒலியையே முந்திக்கொண்டு ஓடுவதால் பின்தங்கிய ஒலிகளெல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்து காதில் அறைகின்றன என்று எழுதியிருந்தார். வீட்டில் தம் தந்தையாரிடம் படித்துக் காட்டினாராம். மறுவாரம் அத்தந்தையார் கல்லூரிக் கட்டணம் செலுத்த வந்தபோது நம்மைக் கண்டு, இதை முந்தின நாளே ஊருக்குச் சொல்லிவிட்டுப் பறந்தால் என்ன என்று வினவினார். பயிற்சி விழாவாயின் முன்னரே சொல்லலாம், சொல்லியும் வருகிறார்கள்; எல்லாப் பறத்தலையும் அவ்வாறு அறிவித்துவிட இயலாது என்று விடையிறுத்தோம். அவர் தலையசைத்தார். ஆயினும் அவ்விடை அவருக்கு நிறைவளித்ததாகத் தோன்றவில்லை.