எக்கியார்குப்பத்துக்குச் சொல்லப்பட்ட பதில்

2023 மே 16-ஆம் தேதி, அப்போது தமிழகக் காவல்துறைத் தலைமை இயக்குநராக இருந்த சைலேந்திரபாபு ஓர் அறிக்கை விட்டார். விழுப்புரம் மாவட்ட மரக்காணம், செங்கல்பட்டு மாவட்டச் சித்தாமூர்ப் பகுதிகளில் இறந்தவர்கள் குடித்ததைத் தடய அறிவியல் ஆய்வகத்தில் சோதித்தாகிவிட்டது. அது கள்ளச்சாராயம் அல்ல, தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் என்னும் விஷம் என்பது அதன் சாரம். வேதியியலில் அதற்கு எதிராகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆய்வகம் சொன்னதைத்தான் அவர் சொன்னார். ஆனால் அந்த ஒரு வாக்கியம் படித்தவர்கள் மனத்தில் என்ன எண்ணத்தை விதைத்தது என்பதை இன்றும் பேசியாக வேண்டும். முழு உண்மையான ஒரு வாக்கியத்தைக் கொண்டே மக்களை உண்மையிலிருந்து தள்ளி நிறுத்திவிட முடியும் என்பதற்கு விழுப்புரம் மாவட்டத்தில் இதைவிடப் பெரிய சான்று கிடையாது.

திண்டிவனத்திலிருந்து கிழக்கே கடலை நோக்கிப் போனால் மரக்காணம். உப்பளங்களுக்குப் பெயர்போன ஊர். அதையொட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் இருக்கும் மீனவக் கிராமம்தான் எக்கியார்குப்பம். 2023 மே 13, 14 தேதிகளில் அங்கே ஆண்களும் பெண்களுமாகப் பலர் சுருண்டு விழுந்தார்கள். வாந்தி, வயிற்று வலி, கண் மங்கல். புதுச்சேரி ஜிப்மருக்கும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் ஆம்புலன்ஸ்கள் ஓடின. செங்கல்பட்டு மாவட்டச் சாவுகளையும் சேர்த்தால் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். உறவினர்கள் சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். மே 15 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் முண்டியம்பாக்கம் வந்து சிகிச்சையில் இருந்தவர்களைப் பார்த்தார். இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது; மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

அடுத்த நாள் வந்ததுதான் அந்த அறிக்கை.

அந்த மக்கள் எதை வாங்கினார்கள்? மெத்தனால் கேட்டு யாரும் போகவில்லை. சாராயம் கேட்டார்கள். சாராயம் விற்பவர் என்று ஊருக்கே தெரிந்த ஆளிடம் கேட்டார்கள். வழக்கமான பாலித்தீன் பாக்கெட்டில், வழக்கமான விலைக்கு வாங்கினார்கள். டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். கடலுக்குப் போனவர்கள் கரையேறுவதோ விடியலில். பாக்கெட் எந்நேரமும் கிடைக்கும், குவார்ட்டர் விலையில் பாதிகூட ஆகாது. அந்த வியாபாரம் நடந்துகொண்டிருந்ததால்தான் அந்த வியாபாரத்துக்குள் மெத்தனால் நுழைய முடிந்தது. சரக்கு எதுவானாலும், விற்ற கை, வாங்கிய கை, கண்டும் காணாமல் இருந்த கண் எல்லாம் சாராயத்துக்கு உரியவைதான்.

‘அது கள்ளச்சாராயம் அல்ல’ என்றால் என்ன அர்த்தம்? ஊறல் போட்டுக் காய்ச்சினால்தான் கள்ளச்சாராயம் என்ற ஓர் அனுமானம் அதற்குள் சொல்லாமலே உட்கார்ந்திருக்கிறது. அதை ஏற்றுக்கொண்டால், கள்ளச்சாராயத்தை ஒழித்துவிட்டோம் என்ற அரசின் பேச்சுக்கு எந்தக் கீறலும் விழாது. ஆலையிலிருந்து திருடிய விஷம் எங்கிருந்தோ வந்தது, எதிர்பாராத விபத்து என்று ஆகிவிடும். அறிக்கைக்கு முன்பு மரக்காணத்தில் இருந்த கேள்வி, ‘இத்தனை வருடம் இங்கே பாக்கெட் விற்க விட்டது யார்?’ என்பது. அறிக்கைக்குப் பிறகு அது, ‘மெத்தனால் எந்த ஆலையிலிருந்து வந்தது?’ என்று மாறியது. இரண்டாவது கேள்விக்குக் காவல்துறை சுறுசுறுப்பாகப் பதில் கண்டுபிடித்தது. சென்னையை ஒட்டிய ஒரு ரசாயன ஆலையிலிருந்து புதுச்சேரி ஆட்களின் கைவழியாக வந்தது என்றார்கள், கைதுகளும் நடந்தன. அதைக் குறைசொல்ல மாட்டேன். முதல் கேள்வி எங்கே போனது என்பதுதான் என் ஆதங்கம்.

ஆலைச் சரக்கு என்று சொல்லித் துறைகள் கைகழுவவும் சட்டத்தில் இடமில்லை. தமிழ்நாட்டில் மெத்தனாலை வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும். அதற்கென்று 1959-லேயே விதிகள் போடப்பட்டன. மெத்தில் ஆல்கஹால் என்ற பெயரிலேயே அது அந்த விதிகளின் தலைப்பில் இருக்கிறது. அந்த விதிகள் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் வருபவை. அதாவது ஊறல் சாராயத்தைப் பிடிக்க வேண்டிய அதே மதுவிலக்கு நிர்வாகம்தான் மெத்தனால் பீப்பாயையும் கண்காணிக்க வேண்டும். ‘சாராயம் அல்ல, மெத்தனால்’ என்ற பதிலைக் கேட்ட எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்? தெரிந்திருந்தால் அந்தப் பதில் யாரையாவது சமாதானப்படுத்தியிருக்குமா?

பத்திரிகைகளும் ‘விஷச்சாராயம்’ என்று எழுதத் தொடங்கின. நானும் பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்பதால் சொல்கிறேன்: அதிகாரி தரும் சொல்லை அப்படியே தலைப்பில் ஏற்றுவது நமக்கு வசதி, அந்தச் சொல்லோடு அவருடைய வாதமும் சேர்ந்தே அச்சேறுகிறது.

அதிகாரம் சொல்லி நம்புவது ஒரு வகை. யாரும் சொல்லாமலே, பழகிய கதைக்குள் ஒரு சாவைப் பொருத்திவிடுவது இன்னொரு வகை. அதே மே மாதத்தில் செங்கல்பட்டு மாவட்டச் சித்தாமூர்ப் பகுதியில் ஒரே வீட்டில் சாவு விழுந்தபோது, குடும்பத் தகராறில் விஷம் குடித்திருப்பார்கள் என்றே முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டது. ஏழை வீடு, திடீர்ச் சாவு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஒரு கணக்கு தயாராக இருக்கிறது. மரக்காணத்துச் செய்தி வந்த பிறகுதான் இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று தோன்றி, திரும்ப விசாரித்தார்கள்.

குடித்தவர்களின் நம்பிக்கைகளையும் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மெத்தனால் அந்த நம்பிக்கைகளுக்குள் புகுந்துதான் கொல்கிறது. அதற்கு நிறமில்லை. வாசனையிலும் ருசியிலும் சாதாரணச் சாராயத்திலிருந்து பிரித்தறிய முடியாது. விரலில் தொட்டுத் தீக்குச்சி காட்டி, நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு என்பது பழைய சோதனை. மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும். குடித்தவுடன் லேசான போதை, அவ்வளவுதான். ஈரல் அதை உடைத்து முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம்தான் பார்வை நரம்பைத் தாக்குகிறது, மூச்சைத் திணறவைக்கிறது. இதற்குப் பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம், ஒரு நாள்கூட ஆகலாம். கூடவே வேறு மதுவும் உள்ளே போயிருந்தால் இன்னும் தள்ளிப்போகும். சாதாரண மதுவில் இருக்கும் எத்தனாலைத்தான் ஈரல் முதலில் கவனிக்கும், மெத்தனால் காத்திருக்கும். மருத்துவமனைகளில் எத்தனாலையே மருந்தாகக் கொடுப்பது இதனால்தான். ஃபோமெபிசோல் என்ற மருந்தும் டயாலிசிஸும் காப்பாற்றும், ஆனால் நேரத்தோடு வர வேண்டும். 10 மில்லி கண்ணைப் பறிக்கலாம், 30 மில்லி ஆளையே முடிக்கலாம் என்கின்றன மருத்துவ நூல்கள்.

இந்த இடைவெளியில் வீட்டுக்குள் என்ன பேச்சு நடக்கும் என்று இந்தப் பக்கத்து ஊர்களை அறிந்த யாருக்கும் தெரியும்.

“என்னண்ணே, கண்ணு ஒரு மாதிரி மறைக்குதுங்கற?”

“ஒண்ணுமில்லடா. நேத்து வெறும் வயித்துல போட்டது. மோரு குடிச்சா சரியாப் போயிடும். முருகனும்தான் எங்கூடக் குடிச்சான், அவன் நல்லாத்தானே இருக்கான்?”

ஒரே பாக்கெட்டைப் பகிர்ந்தவன் நல்லாயிருப்பதைப்போல் ஆளைத் திருப்திப்படுத்தும் ஆதாரம் வேறில்லை. அவன் குடித்தது குறைவாக இருக்கலாம். அவனுக்கு இன்னும் நேரம் வரவில்லை என்றும் இருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் குடித்ததைச் சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம். அதனால் வயிற்று வலி என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள்.

மரக்காணத்துக்கு அடுத்த ஆண்டு, 2024 ஜூன். இடம் கள்ளக்குறிச்சி; 2019 நவம்பர் வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த ஊர். காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் கருணாபுரத்தில் ஜூன் 18 இரவும் 19 காலையும் முதல் சாவுகள் விழுந்தன. கள்ளச்சாராயம் குடித்துச் செத்தார்கள் என்று ஊர் சொன்னது. அப்போதைய மாவட்ட ஆட்சியரோ செய்தியாளர்களிடம் அதை மறுத்தார். வலிப்பு, வயிற்றுப்போக்கு, முதுமை போன்ற காரணங்களைச் சொன்னார்.

சாவு வீடு என்றால் நம் பக்கத்தில் என்ன நடக்கும் என்பது தெரியாததல்ல. பறையடிப்பவர்களுக்கும், பாடை கட்டுகிறவர்களுக்கும், துக்கத்துக்கு வந்த உறவுக்கும் குடி உண்டு. இறந்தவரை எது கொன்றதோ அதையே வாங்கி, அவர் சாவுக்கு வந்தவர்களும் குடித்தார்கள். சாராயத்தால் இல்லை என்ற மறுப்பை நம்பித்தான் பலர் தொடர்ந்து குடித்தார்கள் என்று எடப்பாடி பழனிசாமி உள்ளிட்ட எதிர்க்கட்சியினர் குற்றஞ்சாட்டினார்கள். அந்த மறுப்பு எத்தனை பேர் காதில் விழுந்தது என்று அளந்து சொல்ல வழியில்லை. ஆனால் அன்று காலை ஆட்சியர் வாயிலிருந்து, ‘குடித்தவர்கள் எல்லோரும் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்’ என்ற வாக்கியம் வந்திருந்தால், பன்னிரண்டு மணி நேரம், இருபது மணி நேரம் இன்னும் கையிலிருந்த எத்தனையோ பேர் எழுந்து போயிருப்பார்கள். மெத்தனால் விஷயத்தில் அந்த நேரம்தான் உயிர். சாவு எண்ணிக்கை அறுபதைத் தாண்டியது. தாயையும் தகப்பனையும் சேர்த்து இழந்த பிள்ளைகளுக்காக அரசு வைப்புத் தொகையும் மாதம் 5,000 ரூபாயும் தனியாக அறிவிக்க வேண்டியிருந்தது. ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், ஓய்வுபெற்ற நீதிபதி கோகுல்தாஸ் தலைமையில் ஆணையம் வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது.

இரண்டு சம்பவங்களிலும் ஊர் முழுக்கப் பரவிய இன்னொரு வாக்கியம் உண்டு: ‘குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?’ திண்டிவனம் டீக்கடையிலும் கேட்கலாம், சென்னை அலுவலகத்திலும் கேட்கலாம். எல்லையில் சாகும் வீரருக்கு எவ்வளவு, குடிகாரருக்கு எவ்வளவு என்று ஒப்பிட்டு வாட்ஸ்அப்பில் சுற்றியது. இழப்பீட்டை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்கே போனார்கள். கேள்வி நியாயமாகத் தெரிவதற்குக் காரணம், அதற்குள் இரண்டு அனுமானங்கள் ஏற்கனவே முடிவாகி இருக்கின்றன. சாவு அவர்கள் தேடிக்கொண்டது என்பது ஒன்று; பணம் செத்தவருக்குப் போகிறது என்பது மற்றொன்று. அந்தப் பணம் போவது, அரசு தடுக்கத் தவறிய ஒரு வியாபாரத்தால் கணவனை, மனைவியை, பிள்ளையை இழந்தவர்களுக்கு. ‘அரசு தடுக்கத் தவறியதால் இறந்தவரின் பிள்ளைக்குப் பத்து லட்சமா?’ என்று அதே ஆட்கள் கேட்க மாட்டார்கள். தொகை ஒன்றுதான். இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு, எக்கியார்குப்பத்தில் பெண்களும் செத்தார்கள், கருணாபுரத்திலும் செத்தார்கள் என்பதும் ஒரு காரணம். ‘குடிகாரன்’ என்ற சொல்லில் அவர்கள் முகம்கூடத் தெரிவதில்லை.

மற்ற மாநிலங்களிலும் இதே கதைதான். 2022 டிசம்பரில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் எழுபதுக்கும் மேற்பட்டோர் செத்தபோது, குடித்தால் சாவுதான் என்கிற பொருளில் பேசினார் முதல்வர் நிதிஷ் குமார். அங்கே முழு மதுவிலக்கு. மதுவிலக்கு இருக்கும் மாநிலத்தில் சாராயம் எப்படிக் கிடைத்தது என்ற கேள்வியை அந்தப் பேச்சு அப்படியே மூடிவிட்டது. சில மாதங்களில், 2023 ஏப்ரலில், அவரே இறங்கிவந்து இறந்தவர் குடும்பங்களுக்கு 4 லட்சம் ரூபாய் அறிவித்தார்.

2001-இல் பண்ருட்டிப் பகுதியில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இதே மாதிரி செத்தார்கள். அது நடந்த இடம் விழுப்புரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. எனவே மெத்தனால் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. எதிர்பாராதது என்று யாரும் சொல்ல முடியாது. கள்ளக்குறிச்சிக்குப் பிறகு சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையை ஆயுள் சிறைவரை கூட்டியது. வரவேற்கலாம். அது விற்கிறவனுக்கான பதில். குடித்துவிட்டு, கண் மறைக்கிறதே என்று திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கு வேறு பதில் வேண்டும். ஆய்வக முடிவுக்குக் காத்திருக்காமல், முதல் சாவு விழுந்த அந்த மணி நேரத்திலேயே, ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் தெருத்தெருவாக இதைச் சொல்ல மாவட்ட நிர்வாகங்களுக்கு இன்றே உத்தரவு போட வேண்டும்:

“நேற்றோ முந்தாநாளோ பாக்கெட் குடித்த யாராக இருந்தாலும், உடம்பு நன்றாக இருந்தாலும், இப்போதே அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். குடித்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். உங்கள் மேல் வழக்குப் போட மாட்டோம். வீட்டில் மிச்சம் இருந்தால் கீழே ஊற்றாமல் கையோடு எடுத்து வாருங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.”